அந்த ஐந்து இலக்க எண் யாருடையது?

உங்கள் கைப்பேசியில் உள்ள பழைய குறுஞ்செய்திப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பைச் சொல்லவில்லை. அதற்கு முன்பு நாம் எல்லாரும் பயன்படுத்திய எஸ்எம்எஸ். அங்கே பெயர் எதுவும் இல்லாமல், வெறும் ஐந்து இலக்க எண்களாக ஏழெட்டு வரிசைகள் இருக்கும். ஏதாவது ஒன்றைத் தொட்டு, மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள். பல் மருத்துவரின் முன்பதிவு நினைவூட்டல். அதற்குக் கீழே காலணிக் கடையின் தள்ளுபடி. அதற்குக் கீழே இணையக் கடை அனுப்பிய ஆறு இலக்க ஓடிபி. பிறகு எங்கோ ஒரு தாமானில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கான விளம்பரம். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து வந்தவை.

பல் மருத்துவர் காலணி விற்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சுலபம். அந்த எண் அவர்கள் யாருக்கும் சொந்தமானது அல்ல. வாடகை எண். அதிலும் பலர் சேர்ந்து குடியிருக்கும் வாடகை எண்.

இந்த எண்களை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பதும், ஆண்டு முடிவதற்குள் புதுப்பிக்க வைப்பதும்தான் என் வேலை. பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறேன். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. தொழிலில் இந்த எண்களை ஷார்ட் கோட் என்போம். நம் வசதிக்குக் குறு எண் என்று வைத்துக்கொள்வோம்.

மலேசியாவில் எந்தத் தொலைபேசி எண்ணும் யாருடைய சொத்தும் அல்ல. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி எண்களைத் திட்டமிடுவதும் ஒதுக்குவதும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பொறுப்பு. நாமெல்லாம் பயன்படுத்த அனுமதி பெற்றவர்கள், அவ்வளவுதான். குறு எண்ணில் இது இன்னும் கறாராக இருக்கும். ஒரு நிறுவனம் தனக்கென்று ஓர் எண் வேண்டும் என்று கேட்டால், மெக்சிஸ், செல்கம்டிஜி, யூ மொபைல் என ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்த எண்ணைத் தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தனிப் படிவம், தனிச் சோதனை. ஓர் இடத்தில் திறந்து இன்னோர் இடத்தில் திறக்கவில்லை என்றால், அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குச் செய்தியே போகாது. எல்லா வேலையும் முடியச் சில வாரங்கள் ஆகும். பிறகு வாடகை. செய்தி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் சிறிய கடைகள் பங்கு எண்ணில் இருக்கின்றன. எங்களைப் போன்ற ஓர் இடைநிலை நிறுவனம் ஓர் எண்ணை எடுத்து, நூறு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கும். அனுப்பும் செய்திக்கு மட்டும் காசு. செலவு குறைவு. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் பெட்டியில் உங்கள் செய்தி யாருக்குக் கீழே போய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

அமெரிக்காவில் இந்த வாடகை முறை மிகத் தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2003இல் அங்கே எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே பதிவேடு வந்தது. ஐந்து அல்லது ஆறு இலக்க எண். கணினி கொடுப்பதை எடுத்துக்கொண்டால் மாதம் 500 அமெரிக்க டாலர். நீங்களே தேர்ந்தெடுத்தால் 1,000 டாலர். மூன்று, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களுக்கு எடுக்கலாம். தேர்ந்தெடுத்து எடுப்பதற்கு ஏன் இரட்டை விலை? 2008 தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு எடுத்த எண் 62262. பழைய கைப்பேசியின் பொத்தான்களில் அதை அழுத்தினால் ஒபாமா என்ற ஆங்கில எழுத்துகள் வரும். தம்முடைய துணை அதிபர் வேட்பாளர் ஜோ பைடன் என்ற செய்தியை அவர் ஆதரவாளர்களுக்குக் குறுஞ்செய்தியாகத்தான் அனுப்பினார். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது 90999 என்ற எண்ணுக்கு ஒரு சொல் அனுப்பினால் 10 டாலர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. பத்துப் பத்தாகவே 3 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. மனத்தில் நிற்கும் எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

நம் ஊரில் குறு எண்களின் பொற்காலம் தொலைக்காட்சியோடு வந்தது. 2003இல் தொடங்கிய அகாடெமி ஃபண்டாசியாவுக்கு வாக்களித்தவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. நாளிதழ்களின் பக்கங்களில் அழைப்பொலி விளம்பரங்கள் கட்டம் கட்டமாக வந்தன. பாட்டின் குறியீட்டை 3இல் தொடங்கும் எண்ணுக்கு அனுப்பினால் பாட்டு வரும். கூடவே வாராவாரம் ஜோசியமும் நகைச்சுவையும் வந்து, ப்ரீபெய்ட் பணத்தை ஒன்றிரண்டு வெள்ளியாகக் கடித்துக்கொண்டே இருக்கும். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சிம் கார்டையே தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குளறுபடியின் மிச்சம்தான், இன்றும் இப்படிப்பட்ட செய்திகளின் தலையில் நாம் பார்க்கும் ஆர்எம்0.00. இந்தச் செய்தியைப் பெறுவதற்கு உங்களிடம் காசு பிடிக்கவில்லை என்று பொருள். சந்தாவை நிறுத்த அதே எண்ணுக்கு ஸ்டாப் ஆல் என்று அனுப்பும் வழியும் அப்போது வந்ததுதான்.

நல்ல எண்களும் இருந்தன. அரசாங்கத்தின் 15888 ஒன்று போதும். எஸ்பிஎம் முடிவு வரும் காலையில் அடையாள அட்டை எண்ணையும் தேர்வு எண்ணையும் தட்டி அதற்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வீட்டில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனை! போலீஸ் சமன் இருக்கிறதா, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே எண்தான். எண் மாறாமல் இருந்ததால் மனப்பாடம் ஆனது. மனப்பாடம் ஆனதால் நம்பினோம்.

மாறாமல் இருக்க வேண்டும் என்றால் புதுப்பிக்க வேண்டும். என் மேசையின் தலைவலியே அங்கேதான் தொடங்குகிறது.

புதுப்பிப்பு அறிவிப்பு மின்னஞ்சலில் போகும். யாருக்கு? முதலில் படிவம் நிரப்பிய ஊழியருக்கு. அவர் வேலையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். அவருடைய மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை. சில நிறுவனங்களில் கணக்குப் பிரிவுக்கு விலைப்பட்டியல் போய்விடும், ஆனால் அங்கே இருப்பவருக்கு இந்த எண் என்னவென்றே தெரியாது. “இது எதுக்கு மேடம்? நாங்கதான் இப்ப வாட்ஸ்அப் யூஸ் பண்றோமே” என்று தொலைபேசியில் என்னிடமே கேட்டவர்கள் உண்டு. நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் இன்னும் சிக்கல். பழைய பெயரில் இருக்கும் எண்ணைப் புதிய பெயரில் புதுப்பிக்க எல்லாத் தாள்களையும் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

கிள்ளான் பக்கம் அறநிதியில் நடக்கும் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அவர்கள் எங்களிடம் இல்லை. வேறொரு நிறுவனத்தின் வழியாகத் தனி எண் வைத்திருந்தார்கள்.

டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். இயந்திரத்தில் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் கரைசல் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர். சிலாங்கூரில் தண்ணீர்த் தடை என்றால் மற்றவர்களுக்கு வாளி, தொட்டி, எரிச்சல். டயாலிசிஸ் நிலையத்துக்கு அது நேர அட்டவணையையே புரட்டிப் போடும் விஷயம். விடிவதற்குள் இரண்டு வேளையை முடிக்க வேண்டியிருக்கும். நோயாளிகள் பலரும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். சிலரிடம் பொத்தான் வைத்த பழைய கைப்பேசிதான். அதனால்தான் அந்த நிலையம் வாட்ஸ்அப்புக்குப் போகாமல் எஸ்எம்எஸ்ஸில் இருந்தது. நோயாளிகளில் பாதிப் பேர் அந்த ஐந்து இலக்க எண்ணை ‘மிஸ்ஸி’ என்று பெயர் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒப்பந்தம் முடிந்தது. அறிவிப்பு, வேலையை விட்டுப் போன எழுத்தரின் மின்னஞ்சலுக்குப் போனது. எண் மூடப்பட்டது. அடுத்த தண்ணீர்த் தடைக்கு நிலையத்தின் கணினியிலிருந்து வழக்கம்போல் செய்தி அனுப்பினார்கள். திரையில் அனுப்பப்பட்டது என்று காட்டியது. யாருக்கும் போய்ச் சேரவில்லை. மறுநாள் எல்லாரும் பழைய நேரத்துக்கே வந்து நின்றார்கள். அன்று சமாளித்துவிட்டார்கள்.

பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். பழைய எண்ணை மீட்க முடியவில்லை. புதிய தனி எண் திறக்கும்வரை ஒரு பங்கு எண்ணைப் பயன்படுத்துவது என்று முடிவானது. செய்தி ஒழுங்காகப் போனது. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததற்கான அறிக்கையும் என் திரையில் இருந்தது. ஆனாலும் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அங்கிள் வரவில்லை. அடுத்த முறைக்கும் இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான்கு நாள் உடம்பில் நீர் சேர்ந்து, மூச்சு வாங்கி, அவரை அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

நிலையத்துக்குப் போனபோது அவரிடம் பேசினேன். “அங்கிள், மெசேஜ் வரலையா?” என்றேன்.

“வந்துச்சுமா. மேல பாத்தா லோன் வேணுமான்னு போட்டிருந்தான். அதுக்குக் கீழ இது. எல்லாம் கள்ளப் பயலுங்கன்னு நெனச்சி அழிச்சிட்டேன். மிஸ்ஸி அனுப்புனா மிஸ்ஸின்னுதானே வரும்?”

அவர் சொன்னதில் தவறே இல்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். தெரியாத எண்ணை நம்பாதே என்றோம். நம்பவில்லை.

அந்தப் பழைய எண்ணை நினைத்தால் எனக்கு இன்னொரு கவலை. மூடிய எண் காலத்துக்கும் மூடியே கிடக்காது. வேறொருவருக்குப் போகலாம். நாளைக்கு அதை ஒரு கார் விற்பனையாளர் வாடகைக்கு எடுத்தால், அவருடைய விளம்பரம் இந்த நோயாளிகளின் கைப்பேசியில் ‘மிஸ்ஸி’ என்ற பெயரில்தான் வரும். மறுபக்கமும் உண்டு. பழைய வாடிக்கையாளர்கள் அனுப்பும் பதில்கள் புதியவரிடம் போகும். புதிதாக எண் எடுத்த ஒரு டியூஷன் மையத்துக்கு, “இன்னிக்கு வர முடியாது, காலில் புண் ஆறவில்லை” என்று யாரோ அனுப்பியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை முன்பு ஒரு கிளினிக் வைத்திருந்தது.

கைப்பேசி ஒரு முட்டாள் தபால்காரன். உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து அடுக்கும். உள்ளே யார் எழுதியது என்று பார்க்காது. சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் நடந்தது இதுதான். அங்கே எண்ணுக்குப் பதில் பெயரையே அனுப்புநராகப் போடலாம். மோசடிக்காரர்கள் ஓசிபிசி வங்கியின் பெயரைப் போட்டு அனுப்பினார்கள். போலிச் செய்திகள் வங்கியின் உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையில் போய் உட்கார்ந்தன. 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். அதன் பிறகு அனுப்புநர் பெயரைப் பதிவு செய்வது அங்கே கட்டாயமானது. 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத பெயரில் வருவதெல்லாம் ‘லைக்லி ஸ்கேம்’, அதாவது மோசடியாக இருக்கலாம் என்ற தலைப்பின்கீழ் விழுகின்றன. 2024 ஜூலை 1 முதல் அரசாங்க அமைப்புகளின் செய்திகள் ஒரே பெயரில் வருகின்றன. பெயரும் வாடகைதான். அங்கேயும் ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

நம் நாடு வேறு வழியில் போனது. 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்து இலக்க எண்கள் வழியாக நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளில் இணைய இணைப்பு இருக்கக்கூடாது. சொந்த விவரங்களைக் கேட்கக்கூடாது. திரும்ப அழைக்கத் தொலைபேசி எண்ணும் கொடுக்கக்கூடாது. ஆணையத்தின் இந்த உத்தரவு பொதுமக்களுக்கு நல்ல கேடயம் என்பேன். ஐந்து இலக்க எண்ணிலிருந்து வந்த செய்தியில் ‘இதைத் தட்டுங்கள்’ என்று ஒரு நீல வரி இருந்தால், மேலே பத்து உண்மையான செய்திகள் இருந்தாலும் தொடாதீர்கள். காரில் போலி அலைபரப்புக் கருவியை வைத்துக்கொண்டு, சுற்றியிருக்கும் கைப்பேசிகளுக்கெல்லாம் விருப்பப்பட்ட அனுப்புநர் எண்ணில் செய்தி தள்ளும் ஆள்கள் இங்கேயும் பிடிபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வாடகையும் கிடையாது, படிவமும் கிடையாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் யோசிக்காமல் 997க்கு அழையுங்கள்.

ஆனால் அந்த உத்தரவு சின்ன நிலையங்களுக்குச் சிரமம்தான். “சந்தேகம் இருந்தால் இந்த எண்ணை அழையுங்கள்” என்று கடைசியில் ஒரு வரி போடுவார்களே, இனி அது முடியாது. ‘உங்கள் அட்டையில் உள்ள எண்ணை அழைக்கவும்’ என்று எழுதித் தருகிறோம். அட்டை எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. பங்கு எண்ணில் இருக்கும்போது அனுப்பியவர் யார் என்பதைச் செய்தியின் முதல் சொல்லிலேயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் பார்த்த அங்கிளைப் போல எல்லாரும் அழித்துவிடுவார்கள்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இதில் இன்னொரு இடி இருக்கிறது. ஆங்கிலத்திலோ மலாயிலோ அனுப்பினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள். தமிழுக்கு 70 இடங்கள்தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கில் அல்ல. புள்ளிக்கு ஓர் இடம், துணைக்காலுக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம். வணக்கம் என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு இடம். எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்குப் போட்டு இரட்டைக் காசு. இதைப் பார்த்துவிட்டுத்தான் நம்மவர்களின் கோவில்களும் கடைகளும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பத் தொடங்கின. எனக்கு அதைப் படிக்கவே பிடிக்காது. டயாலிசிஸ் நிலையத்திலும் யாரோ அந்த யோசனையைச் சொன்னார்கள். மூத்த மிஸ்ஸி ஒத்துக்கொள்ளவில்லை. வயதானவர்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

புதிய தனி எண் சில வாரங்களில் திறந்தது. அதை அறிமுகப்படுத்த அந்த மிஸ்ஸி செய்தது, நான் எந்த வாடிக்கையாளரிடமும் பார்க்காதது. நோயாளிகள் இயந்திரத்தில் படுத்திருக்கும் நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், அவர்களுடைய கைப்பேசியை வாங்கி, பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அதே ‘மிஸ்ஸி’ என்ற பெயரில் போட்டுக் கொடுத்தார். எல்லாரையும் முடிக்க இரண்டு வாரம் ஆனது.

தனி எண் என்பதால் செய்தியில் நிலையத்தின் பெயரைச் சேர்க்க வேண்டியதில்லை. கைப்பேசியே சொல்லிவிடும். தண்ணீர்த் தடைக்கென்று நாங்கள் சேர்ந்து எழுதி வைத்திருக்கும் வாசகம் இதுதான்: “நாளை தண்ணீர் தடை. உங்கள் சிகிச்சை காலை 6 மணி. தாமதம் வேண்டாம்.” முன்னால் வரும் ஆர்எம்0.00ஐயும் அதற்குப் பிறகு வரும் இடைவெளியையும் சேர்த்து 69 இடங்கள். ஒரே செய்தியில் அடங்கிவிடுகிறது. ‘தண்ணீர்த் தடை’ என்று ஒற்றுப் போட வேண்டும் என்று நிலையத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இன்னமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். த்-க்கு இரண்டு இடம் வேண்டும் ஐயா, 71 ஆகிவிடும் என்றேன். அரை மனத்தோடு விட்டுக்கொடுத்தார்.

அவர்களுடைய ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. படிவத்தில் இப்போது இரண்டு பெயர்கள் இருக்கின்றன, பொருளாளருடையதும் மூத்த மிஸ்ஸியுடையதும். இருவருடைய கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஜனவரியிலேயே அழைத்துவிடுவேன்.